திரும்பத் தேடாதவர்கள்

தன் வேலையைச் சொந்தக்காரர்களிடம் விளக்குவது கோகிலவாணிக்கு எப்போதுமே சிரமமாக இருந்தது. கம்ப்யூட்டர் வேலையா என்று கேட்டால் ஆமாம் என்பாள். புரோகிராம் எழுதுவாயா என்றால் இல்லை என்பாள். பிறகு என்னதான் செய்கிறாய் என்று கேட்பவர்களிடம், திரையின் இரண்டு பக்கங்களையும் பார்த்து எது மேல் என்று சொல்கிறேன் என்பாள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

அவள் வேலை பார்த்தது கோவை சரவணம்பட்டியில், நாடி என்ற தேடுபொறி நிறுவனத்தில். ஒரே கேள்வியை இரண்டு தேடுபொறிகளிடம் கேட்பார்கள். ஒன்றின் விடைகள் திரையின் இடப்பக்கமும் மற்றதன் விடைகள் வலப்பக்கமும் வரும். எந்தப் பக்கம் எது என்பதை மறைத்திருப்பார்கள். தேங்காய் எண்ணெய் ஏன் உறைகிறது, வீட்டுப் பத்திரம் தொலைந்தால் யாரிடம் போக வேண்டும், குழந்தை இரவில் பல்லைக் கடிக்கிறது, இப்படி நாள் முழுவதும் ஊர் உலகத்தின் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு எந்தப் பக்கம் நன்றாகப் பதில் சொல்லியிருக்கிறது என்று அவள் குறிக்க வேண்டும்.

மறைத்தாலும் சில மாதங்களிலேயே அவளுக்கு வாசனை பிடிபட்டுவிட்டது. துழாவி பழைய தேடுபொறி. கேட்ட சொற்கள் ஒரு பக்கத்தில் எங்கெங்கே இருக்கின்றன, அந்தப் பக்கத்தை மற்ற பக்கங்கள் எவ்வளவு சுட்டிக்காட்டுகின்றன என்று பார்த்து வரிசைப்படுத்தும். நாலு பேர் கைகாட்டினால் நல்ல கடை என்று நம்புகிற ஆளைப் போல. கைகாட்ட ஆள் பிடிக்கத் தெரிந்தவர்கள் அதில் சுலபமாக மேலே வந்துவிடுவார்கள். முட்டிவலி என்று தேடினால் தைலம் விற்கிறவர்தான் முதலில் நிற்பார். நாடி புதியது. அது பக்கங்களைவிடப் படிக்கிறவர்களை அதிகம் கவனித்தது. ஒன்றைப் படித்த பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்து, அதை வைத்துப் பக்கங்களுக்கு எடை போட்டது. அதன் விடைகள் சுருக்கமாகவும் தெளிவாகவும், எதையும் விற்காமலும் இருக்கும். பெரும்பாலும் கோகிலவாணி நாடியின் பக்கம்தான் குறித்தாள். சம்பளம் தருகிறவர்கள் என்பதற்காக அல்ல, உண்மையிலேயே அது மேலாக இருந்தது.

அவளுடைய சித்தப்பா குழந்தைவேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனார். சித்தி போன பிறகு கணபதியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். மகன் கனடாவில். பேப்பர் எடுக்க அவர் கீழே வரவில்லையே என்று வீட்டுக்காரர் மேலே போய்ப் பார்த்திருக்கிறார். கட்டிலில் இடப்பக்கம் ஒருக்களித்து, கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாராம். தூங்குகிறார் என்றே முதலில் நினைத்ததாக வீட்டுக்காரர் சொன்னார். ஆள் போய் வெகுநேரமாகியிருந்தது. மாரடைப்பு.

சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்ப நம்பர் வேண்டுமென்று கோகிலவாணி அவருடைய போனை எடுத்தாள். கடைசியாகப் படித்த பக்கம் அப்படியே திறந்திருந்தது. நெஞ்சு எரிச்சல், இடது தோளில் வலி, வியர்வை என்று நாடியில் தேடியிருந்தார். திறந்திருந்த பக்கம், பயப்பட ஒன்றுமில்லை, வாயுத் தொல்லைதான், இஞ்சியும் சீரகமும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு இடப்பக்கமாகப் படுத்து ஓய்வெடுங்கள் என்றது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் ஒரு டம்ளர் இருந்தது. அடியில் இஞ்சிச் சக்கை.

அந்தப் பக்கத்தை அவளுக்குத் தெரியும். ஒப்பிடும்போது பலமுறை கண்ணில் பட்டது. எந்தக் கேள்வியில் நெஞ்சும் வலியும் சேர்ந்து வந்தாலும் நாடியின் வரிசையில் முதலில் அதுதான் நிற்கும். விளம்பரம் இல்லாமல் படிக்கச் சுத்தமாக இருக்கும் என்று அவளே அதை ஒருமுறை பாராட்டிக் குறிப்பு எழுதியிருந்தாள்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று நேராக நிஜாமுதீனிடம் போனாள். அவன் வரிசைப் பிரிவில் இருந்தான். எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு எடை என்பதெல்லாம் அவர்கள் கையில். உக்கடத்துக்காரன், அவளைவிட எட்டொன்பது வயது இளையவன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிற சுபாவம். அவனிடம் சித்தப்பாவைப் பற்றி எதுவும் சொல்லாமல், அந்த இஞ்சிப் பக்கம் ஏன் மேலே வருகிறது என்று மட்டும் கேட்டாள்.

"ஒருத்தர் ஒரு பக்கத்தைப் படிக்கறார்னு வைங்க அக்கா. பதில் கிடைச்சுட்டா மூடிட்டுப் போயிடுவார். கிடைக்கலைன்னா திரும்பி வந்து வேற மாதிரி கேப்பார். திரும்பி வரலைன்னா பதில் கிடைச்சிருச்சுன்னு அர்த்தம். நாடியோட அஸ்திவாரமே அதான்."

"இந்தப் பக்கத்துக்கு எப்படி?"

அவன் தட்டிப் பார்த்தான். "இதுக்கு நல்ல எடை. படிச்சவங்க அனேகமா யாருமே திரும்பி வர்றதில்ல."

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்ற பக்கங்க இருக்குமே, அதெல்லாம்?"

"அதெல்லாம் ரொம்பக் கீழ. அதைப் படிச்சவங்க விடாமத் தேடறாங்க. எந்த ஆஸ்பத்திரி பக்கம், ஆஞ்சியோன்னா என்ன, உப்புச் சேத்துக்கலாமா, படி ஏறலாமான்னு மாசக்கணக்குல தேடறாங்க. அதனால அதுங்க சரியாப் பதில் சொல்லாத பக்கம்னு..."

நிஜாமுதீன் அதோடு நிறுத்திக்கொண்டான். விரல் விசைப்பலகைமேல் அப்படியே நின்றது.

"எங்க சித்தப்பாவும் திரும்பி வரல, நிஜாம்" என்றாள் கோகிலவாணி.

அன்று மாலைக்குள் இருவரும் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். இஞ்சிப் பக்கத்தைப் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையிலேயே வாயுத் தொல்லைதான் இருந்திருக்கும், குடித்தார்கள், சரியானது, போய்விட்டார்கள். ஆனால் அவர்களோடு சேர்ந்து வேறு சிலரும் இருந்தார்கள். நெஞ்சுவலியைத் தேடாமல் விட்டது மட்டுமல்ல, அதற்குப் பிறகு அவர்கள் எதையுமே தேடவில்லை. மழை வருமா என்றுகூட. நாடிக்கு இரண்டும் ஒன்றுதான். திருப்தியாகப் போனவரும் போய்ச் சேர்ந்தவரும் அதன் கணக்கில் ஒரே பத்தியில் உட்கார்ந்திருந்தார்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்த குழந்தைகள், பாம்புக் கடி, பிரசவத்துக்குப் பிறகு நிற்காத உதிரம் என்று எங்கே தொட்டாலும் இதே கதை. ஆளைச் சீக்கிரம் மௌனமாக்கிய பக்கங்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்திருந்தன.

நிறுவனத்தின் கோவைத் தலைவர் ஜோஷ்வா செல்லையா. நாகர்கோவில்காரர். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். இருவர் சொன்னதையும் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூடி மறைப்பார் என்று எதிர்பார்த்துச் சண்டைக்குத் தயாராகப் போயிருந்த கோகிலவாணிக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. அவர் மறுக்கவில்லை. ஆனால் நாடியை நிறுத்தவும் ஒப்புக்கொள்ளவில்லை. நிறுத்தினால் ஜனங்கள் துழாவிக்குப் போவார்கள், அங்கே சர்க்கரை நோய்க்கு ஊசியை நிறுத்தச் சொல்கிற வைத்தியர் ஆயிரம் இணையதளங்களை விலைக்கு வாங்கித் தன்னைத்தானே சுட்டிக்காட்டிக்கொண்டு முதலிடத்தில் உட்கார்ந்திருக்கிறார், அங்கேயும் சாகத்தான் செய்கிறார்கள் என்றார். அது பொய்யில்லை என்று அவளுக்கும் தெரியும். அந்த வைத்தியரின் பக்கத்தை அவள் பார்த்திருக்கிறாள்.

"நீங்களே சொல்லுங்க கோகிலா. என்ன செய்யணும்?"

"செத்தவங்களைக் கணக்குல சேருங்க சார்" என்றாள் அவள். "யார் பதில் கிடைச்சுப் போனாங்க, யார் செத்துப் போனாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சாகணும்."

யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்ததுதான். ஆனால் அதையேதான் செய்தார்கள். தனியார் மருத்துவமனைகளின் கூட்டமைப்பு ஒன்றோடு ஜோஷ்வா பேசினார். யார் எப்போது சேர்ந்தார், என்ன நோய், என்ன சிகிச்சை, பிழைத்தாரா இல்லையா என்கிற விவரமெல்லாம் நாடிக்கு வந்தது. ஒருவர் ஒன்றைப் படித்ததற்கும் பிறகு அவருக்கு நேர்ந்ததற்கும் இடையில் கோடு போட அது கற்றுக்கொண்டது. இஞ்சிப் பக்கம் ஒரே வாரத்தில் காணாமல்போனது. நெஞ்சுவலி என்று அரைகுறையாகத் தட்டச்சு செய்தாலே, நடக்காதீர்கள், கதவைத் திறந்து வையுங்கள், ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்று பெரிய எழுத்தில் வந்தது. கோகிலவாணி அதை முதல்முறை பார்த்தபோது கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அதன்பின் நாடியை எதிர்த்து நிற்க யாராலும் முடியவில்லை. பிழைத்துவந்தவர்கள் அதன் பெயரைச் சொன்னார்கள். கூட்டமைப்பின் மருத்துவர்கள் தங்கள் அறையிலேயே அதை வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கென்று தனி வடிவம், நோயாளியின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இந்த நிலையில் இருப்பவருக்கு எது பலன் தந்தது என்று வரிசைப்படுத்தித் தரும். துழாவிக்கு ஆட்கள் குறைந்துகொண்டே போய்ச் சில வருடங்களில் அதை மூடிவிட்டார்கள். செய்தியில் நாலு வரி வந்தது. கோகிலவாணி ஒப்பீட்டுப் பிரிவுக்குத் தலைவியானாள். அவளுடைய திரையில் இடப்பக்கம் நேற்றைய நாடியும் வலப்பக்கம் இன்றைய நாடியும் வர ஆரம்பித்தன.

அவள் கணவன் லோகநாதன் பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தார். செய்து முடித்த பம்புகளைத் தொட்டியில் ஓடவிட்டு, சத்தத்தை வைத்தே எங்கே உரசுகிறது என்று சொல்லிவிடுவார். பேச்சு குறைவு, சாப்பாடு அதிகம் என்று மகள் தன்யா கேலி செய்வாள். அந்த மனிதருக்கு மார்கழியில் பசி குறைந்தது. பிறகு உடம்பெல்லாம் அரிப்பு. ஒரு காலையில் முகம் துடைத்துக்கொண்டு திரும்பியவரின் கண் மஞ்சளாக இருந்ததைத் தன்யாதான் முதலில் பார்த்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தின் தலைப்பக்கத்தில் ஒரு கட்டி, பித்தக் குழாயை அழுத்துகிறது என்றார்கள். மறுநாள் ரிப்போர்ட் வந்ததும் ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்து கோகிலவாணி நாடியைத் திறந்து, கட்டியின் பெயரைத் தட்டச்சு செய்தாள். அந்த ஆஸ்பத்திரி கூட்டமைப்பில் இருந்ததால் லோகநாதனின் விவரங்கள் ஏற்கெனவே அதனிடம் இருந்தன.

முதலில் வந்தது, நோயைப் பற்றிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்கிற பக்கம். அடுத்து, மஞ்சள் காமாலையின் அரிப்பைக் குறைக்கும் வழிகள். அதன்பின், நோயாளியோடு பயணம் போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை. கீழே கீழே போய்ப் பார்த்தாள். வலி தெரியாமல் வைத்துக்கொள்வது, பக்கத்தில் இருக்கிறவர்கள் எப்படித் தூங்குவது, எல்லாம் இருந்தன. சிகிச்சை என்று ஒன்றுமே இல்லை.

அவள் அலுவலகத்துக்குப் போனாள். ஆள் அடையாளம் எதுவும் இணைக்காத சோதனைக் கணக்கு ஒன்று அங்கே உண்டு. அதில் அதே சொற்களைக் கேட்டுப் பார்த்தாள். அறுவை சிகிச்சை பற்றிய பக்கங்கள் வந்தன, மருந்துகள் பற்றி வந்தது. லோகநாதனின் வயது, சர்க்கரை, குறைந்த எடை, ஸ்கேனில் கண்ட அளவு எல்லாவற்றையும் கொடுத்ததும் அவை ஒவ்வொன்றாக இறங்கிப் போய் மறைந்தன. அவள் நிஜாமுதீனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் விவரங்களை நீக்கியும் சேர்த்தும் பார்த்தான்.

"அது எதையும் ஒளிச்சு வைக்கல அக்கா. ஒரு பக்கத்தைப் படிச்சாலும் படிக்காட்டியும் முடிவு ஒண்ணுதான்னா அதுக்கு எடை கிடைக்காது. அந்த மாதிரி கேஸ்ல வீட்ல மிச்சம் இருக்கறவங்களைத்தான் அது பாக்கும். ஏன் அங்க கூட்டிட்டுப் போனோம், ஏன் அத்தனை ஊசி போடவிட்டோம்னு பின்னாடி தேடிட்டே இருக்காங்களா, இல்ல மனசு ஆறி இருக்காங்களான்னு. ஆறி இருந்தவங்க படிச்சதெல்லாம் மேல வரும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் இன்னும் வாய் திறந்து சொல்லாததை நாடி சொல்லிவிட்டது. அதை நம்பாமல் இருக்க அவளிடம் காரணம் எதுவும் இல்லை. வேறு எவரைவிடவும் அவளுக்கு அது எவ்வளவு சரியாகச் சொல்லும் என்று தெரியும். எத்தனையோ ஆயிரம் கேள்விகளில் அவளே சோதித்துப் பார்த்துச் சரி என்று குறித்திருக்கிறாள்.

டாக்டரும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார். பித்தம் வடிய ஸ்டென்ட் என்கிற சிறு குழாயை வைத்து மஞ்சளை இறக்கிவிடலாம், மற்றபடி சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பேசும்போது அவர் கண் அவ்வப்போது திரைக்குப் போய் வந்தது. அறுத்து எடுக்க முடியாதா என்று கோகிலவாணி கேட்கவில்லை. கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்தாள்.

லோகநாதனிடம் அவளே சொன்னாள். எப்படிச் சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எப்போது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுகூட நாடியில் இருந்தது. அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "நாடி சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நீ பாத்துப் பாத்துச் செஞ்ச வேலையாச்சே" என்றார்.

தை, மாசி இரண்டு மாதமும் நல்லபடியாகத்தான் போயின. ஸ்டென்ட் வைத்ததும் மஞ்சள் வடிந்தது. அவர் கையால் சோதித்து அனுப்பிய பம்ப் ஒன்று வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் ஓடுகிறது, அதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். காரை அமர்த்திக்கொண்டு மூவரும் போனார்கள். மலைச்சரிவில் ஒரு தகரக் கொட்டகைக்குள் அந்தப் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதன் பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். தன்யா அதைப் படம் எடுத்தாள். இதுதான் நல்லது, ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்து கஷ்டப்படுவதைவிட இதுதான் நல்லது என்று திரும்பி வரும் வழியெல்லாம் கோகிலவாணி தனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பங்குனியில் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது. குளிர்காய்ச்சலில் லோகநாதனின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழாயை மாற்ற உள்ளே கூட்டிப்போன பிறகு அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு அம்மா, கையில் ஒயர் கூடையோடு. மகள் பிரசவத்துக்காக வந்திருக்கிறார்களாம், ஊர் சேவூர்ப் பக்கம், பெயர் பழனாத்தாள். ஸ்ட்ரெச்சரில் போனவரின் கண்ணை அவர் பார்த்திருக்கிறார்.

"ஊட்டுக்காரருங்களா கண்ணு? என்ற ஊட்டுக்காரருக்கும் இதேமாறித்தான் கண்ணெல்லாம் மஞ்சளாயிருச்சு. மேலெல்லாம் நமைச்சல். கணையத்துல கட்டின்னாங்கொ."

கோகிலவாணி ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். எப்போது தவறினார் என்று கேட்கப் போனாள்.

"மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி அறுத்துப்போட்டோமுங்க. நாலு வருசம் ஆச்சு. எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரரோட அண்ணனுக்கு அங்க பண்ணுனாங்கன்னு சொன்னாங்க, மஞ்சக் கண்ட வாரமே வண்டி ஏறிட்டம். அந்த டாக்டரு, பொழைக்கறது ரொம்பச் சந்தேகமுங்கம்மா, பாதிக்குப் பாதி கூட இல்லைன்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்குனாரு. ரொம்ப நாள் அங்கியே கெடந்தோம். ஊட்டுக்கு வந்தப்பறமும் ஒரு வருசம் நடமாட்டமில்ல. அப்பறம் தேறிட்டாருங்க."

"போன்ல எதாச்சும் தேடிப் பாத்தீங்களாம்மா? அப்ப, இல்ல அதுக்கப்பறம்?"

"போனுலயா? அதெல்லாம் எங்களுக்கு எங்கீங் கண்ணு தெரியும். பேசறதோட சரி."

பிரசவ வார்டிலிருந்து பழனாத்தாளைக் கூப்பிட்டுவிட்டார்கள். கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள் என்று அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவருடைய ஊர் பேர் தவிர எதையும் கோகிலவாணி கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் வெளியே வந்ததும் கோகிலவாணி அவரிடம், இப்போது அறுத்து எடுக்க முடியுமா என்று கேட்டாள். அவர் புதிய ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கட்டி ரத்தக் குழாயைச் சுற்றிப் பிடித்துவிட்டது, இனி முடியாது என்றார். முதலில் வந்தபோது முடிந்திருக்குமா என்று அவள் கேட்டாள். அவர் பழைய ஸ்கேனைத் திறந்து பார்த்தார்.

"அப்ப யோசிச்சிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. நம்ம கூட்டமைப்பு ஆஸ்பத்திரிகள்ல பண்ணினதுல யாருமே பொழைக்கல, அதனால வரிசைல வரல." திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "எனக்கும் இதான் வந்துச்சும்மா. நீங்களும் கேக்கலியே."

அவள் கேட்கவில்லைதான்.

லோகநாதனை அறைக்கு மாற்றி, தன்யாவை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அலுவலகத்துக்கு ஆட்டோ பிடித்தாள். நிஜாமுதீனிடம் மதுரையில் அறுத்துக்கொண்டவரைப் பற்றிச் சொல்லி, அந்தக் கணக்கில் அவர் இருக்கிறாரா என்று பார்க்கச் சொன்னாள். மதுரையில் எந்த ஆஸ்பத்திரியும் கூட்டமைப்பில் இல்லை. அந்த வீட்டில் யாரும் எதையும் தேடியதும் இல்லை. நாடியைப் பொறுத்தவரை அப்படி ஒரு மனிதர் நோயாளியாகவும் இருந்ததில்லை, பிழைத்ததும் இல்லை. பிறகு அவன் தானாகவே வேறொன்றை எடுத்துப் பார்த்தான். கூட்டமைப்பு மருத்துவமனைகளில் இந்தக் கட்டிக்கு அறுவை செய்வது வருடாவருடம் குறைந்து, கடந்த ஒரு வருடத்தில் அனேகமாக நின்றே போயிருந்தது.

"ஆரம்பத்துல கொஞ்சப் பேருக்குத்தான் பண்ணியிருக்காங்க" என்றான் மெதுவாக. "எல்லாம் முத்தினப்பறம் வந்தவங்க. போயிட்டாங்க. அதனால எடை குறைஞ்சிருக்கு. எடை குறைஞ்சதும் கீழ போயிருச்சு. கீழ போனதும் யாரும் படிக்கல, டாக்டருங்களும் பாக்கல."

"பாக்காததால யாரும் போகல" என்றாள் கோகிலவாணி. "போகாததால யாரும் பொழைக்கல. பொழைக்காததால அது காட்டல. அது சொல்றது சரியாத்தான் இருக்குது, நிஜாம். இனி எப்பவும் சரியாத்தான் இருக்கும்."

"அந்த ஒருத்தரைச் சேத்தாலும் வரிசை மாறாது அக்கா." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இது தப்புன்னு காட்டணும்னா இன்னொண்ணோட வச்சு ஒப்பிடணும். இன்னொண்ணு இல்லியே."

அவள் தன் இடத்துக்குப் போய்த் துழாவியின் முகவரியைத் தட்டிப் பார்த்தாள். அந்தப் பெயரை யாரோ வாங்கியிருந்தார்கள். மெத்தை விளம்பரம் ஒன்று திறந்தது.

ஜோஷ்வாவிடமும் சொன்னாள். இந்த முறையும் அவர் மறுக்கவில்லை. லோகநாதனுக்காக உண்மையிலேயே வருந்தினார். மாரடைப்பிலும் பாம்புக் கடியிலும் நாடியால் பிழைத்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லி, அதையும் ஒரு பக்கம் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். பலனில்லை என்று ஒதுக்கிய சிகிச்சைகளைச் சிலருக்கு மட்டும் மேலே காட்டிப் பார்க்கலாம், ஆனால் யார் தலையில் அந்தச் சோதனையைக் கட்டுவது என்று கூட்டமைப்பு கேட்கும், பேசிப் பார்க்கிறேன் என்றார். அவர் பேசிப் பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு எத்தனை காலம் பிடிக்கும் என்பதும் தெரியும். வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது காய்ச்சல் இறங்கி லோகநாதன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தன்யா வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துவரக் கிளம்பியிருந்தாள். ஜன்னல் வழியாக மாலை வெயில் அவர் காலின்மேல் விழுந்துகொண்டிருந்தது. நர்ஸ் டம்ளரில் வைத்துவிட்டுப் போன கஞ்சி ஆடை படிந்து மேசைமேல் இருந்தது. சில நாட்களாகவே அவருக்கு எதுவும் இறங்கவில்லை.

"காலைல வெளிய யாரோ ஒரு அம்மாகூடப் பேசிட்டு இருந்தியாமா? தன்யா சொன்னா. என்ன சொன்னாங்க?"

என்ன சொன்னால் அவர் மனம் அமைதியாக இருக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லித்தரும் பக்கங்களை இரண்டு மாதமாகப் படித்திருக்கிறாள். இருந்தாலும் இனி ஒன்றை எடுத்து ஒன்றை விட்டுச் சொல்ல அவளால் முடியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சேவூர்க்காரரைப் பற்றிப் பழனாத்தாள் சொன்னதைச் சொன்னாள். மஞ்சள் கண்ட வாரமே மதுரைக்குப் போனது, பிழைப்பது சந்தேகம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியது, படுக்கையில் கிடந்தது, தேறியது. டாக்டர் சொன்னதையும் சொன்னாள். அலுவலகத்தில் கண்டதையும் சொன்னாள். நான் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டுவிட்டேன் என்பதையும் சொன்னாள்.

 லோகநாதன் தன் காலின்மேல் கிடந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். கோபப்பட்டால் தேவலை என்றிருந்தது.

"நாலு வருசமாச்சா?"

"ஆமாங்க."

"சாப்பிடறாரா?"

அதை அவள் பழனாத்தாளிடம் கேட்கவில்லை. தேறிட்டாருங்க என்று சொன்னபோது அந்த அம்மாவின் முகம் இருந்த விதத்தை நினைத்துப் பார்த்தாள்.

"தெரியலீங்க. அதைக் கேக்கல" என்றாள். "சாப்பிடறாருன்னுதான் நினைக்கறேன்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு கஞ்சியை எடுத்துத் தரச் சொன்னார். விரலால் ஆடையை ஒதுக்கிவிட்டு ஒரு வாய் குடித்தார். வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்து, கண்ணை மூடி, விழுங்கப் பார்த்தார். இறங்கவில்லை. அவள் துண்டை நீட்டினாள். துப்பித் துடைத்துக்கொண்டவர் டம்ளரை அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனார்.